முடிந்த பிறகும் முடியல

சென்ற ஆண்டு எங்கள் வட்டார இளைஞர் மன்றத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். தலைப்பு 'நான் வென்றேன்'. தலைப்பை வைத்தது நானில்லை. மாற்றச் சொல்லவும் இல்லை. கழுத்தில் கட்டி தென்பட்டது, ஹாட்ஜ்கின் லிம்போமா என்று பெயர் சொன்னது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு மாதத்தில் 12 தடவை மருந்து ஏற்றியது, முடி கொட்டியது, அம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதது, கடைசி நாளன்று வார்டு சுவரில் மாட்டியிருந்த பித்தளை மணியை அடித்தது. மணியோசையோடு கட்டுரை முடிந்தது. நல்லா இருக்கு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பெரியம்மா அந்தப் பக்கத்தை ஃபிரேம் போட்டு அவர் வீட்டு ஹாலில் மாட்டிவிட்டார்.

மலர் வந்து சில வாரம் கழித்து, என்னைவிட வயதில் சிறிய ஒரு பெண் வாட்சப்பில் எழுதியிருந்தாள். அவளுக்கு இன்னும் நாலு கீமோ பாக்கி. "முடிஞ்சதும் எத்தன நாள்ல பழைய மாதிரி ஆனீங்க அக்கா?" என்று கேட்டாள். "ஆறு வாரத்துல வேலைக்குப் போயிட்டேன்மா" என்று பதில் போட்டேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஆறாவது வாரத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருடம், மதிய இடைவேளையில் சாப்பிடப் போகாமல் கார் பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துப் போட்டு, 40 நிமிடத்துக்கு அலாரம் வைத்துத் தூங்கினேன். எழுந்தால் தூங்கின மாதிரியே இருக்காது. அதை அவளுக்கு எழுதவில்லை. அவள் கேட்டது வேலைக்கு எப்போது போனேன் என்பதையல்ல. கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

பிறகு என் கட்டுரையை எடுத்து, வேறு யாரோ எழுதியது போல வாசித்துப் பார்த்தேன். மோசமான கட்டுரை. மொழியில் பெரிய குறையில்லை, முடித்த இடம்தான் தப்பு. புற்றுநோயை எழுதுகிறவர்கள் கதையை எங்கே முடிக்கிறார்கள், ஏன் அங்கே முடிக்கிறார்கள், அதற்கப்புறம் மிச்சமிருக்கும் அந்த அசதியை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். வேகமாகத் தேட முடியவில்லை. ஒரு நாளைக்கு நாலு பக்கம், ஐந்து பக்கம் என்று வாசித்த வாசிப்பு இது. இதை வாசிப்பவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

*

முதலில் சினிமா. நம் வீடுகளில் புற்றுநோய் என்ற சொல்லுக்கு ஒரு முகம் கொடுத்தது இலக்கியமில்லை, தமிழ்ப்படம்தான். 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டும் 1982இல் வந்தவை. இரண்டிலும் நாயகனுக்குப் புற்று. இரண்டிலும் காதலி நல்லா இருக்கட்டும் என்று அவளை விலக்கிவைக்கிறான். இரண்டிலும் செத்துப்போகிறான். நோய் அங்கே உடம்பில் நடக்கிற ஒன்றல்ல, தியாகம் செய்ய ஒரு காரணம். அவ்வளவுதான்.

இவற்றுக்கு 20 வருடம் முந்திய ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) இவற்றைவிடத் துணிச்சலான படம். அதில் புற்றுநோயாளி பிழைத்துக்கொள்கிறான். முத்துராமன் நடித்த வேலுவுக்கு அறுவை சிகிச்சை வெற்றி. அவன் மனைவி சீதாவை முன்பு காதலித்த மருத்துவர் முரளிதான் (கல்யாண்குமார்) இறந்துபோகிறார். போன தீபாவளி விடுமுறையில் அம்மாவோடு உட்கார்ந்து இதைத் திரும்பப் பார்த்தேன். அம்மா வழக்கம்போல மருத்துவருக்காக அழுதார். எனக்கு வேறொன்று தென்பட்டது. நோயாளியைப் பிழைக்கவைத்த கதைக்கும் ஒரு சாவு தேவைப்படுகிறது. அதை மருத்துவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ராப்பகலாகப் பாடுபட்டு ஓய்ந்துபோவது அவர்தான், நோயாளிக்குக் களைப்பே கிடையாது. பிழைத்த வேலு அடுத்த மாதம் மாடிப்படி ஏறினானா, பாதிப் பேச்சில் சொல் மறந்து நின்றானா, சீதா ஒரு நாளாவது "எப்பப் பாத்தாலும் படுத்தே கெடக்கறீங்க" என்று எரிந்து விழுந்தாளா? படத்துக்கு அதெல்லாம் வேண்டாத விஷயம்.

அறுபது வருடத்துக்கு மேல் பழைய படத்திடம் இதைக் கேட்பது நியாயமில்லைதான். ஆனால் என் கட்டுரை சென்ற ஆண்டு எழுதப்பட்டது. அதுவும் அதே இடத்தில்தான் திரையை இறக்கியது.

நான் அடித்த மணிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1996இல் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற அர்வ் லெ மோய்ன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, தன் சிகிச்சை முடிந்த அன்று ஒரு பித்தளை மணியைக் கொண்டுவந்து அடித்தார். வேலை முடிந்தால் மணியடிப்பது கடற்படை வழக்கமாம். அந்த மணியை அவர் அங்கேயே விட்டுவிட்டுப் போக, அது உலகமெல்லாம் பரவி எங்கள் வார்டு சுவருக்கும் வந்து சேர்ந்தது. எனக்கு அந்த மணிமேல் கோபமில்லை. அன்று தாதிகள் கைதட்டியபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அது கப்பல்காரர் ஒருவரின் பழக்கம். வேலை முடிந்தது, கரையேறிவிட்டோம் என்று அவர் உலகத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது.

கரையேறுவதைப் பற்றி இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் மருத்துவர், தானே புற்றுநோய்க்கு ஆளானவர். 1985இல் ஒரு மருத்துவ இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரை, நோய் முடிந்த பிறகான காலத்தைத் தனிப் பருவங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. முழுகுகிறவரைத் தூக்க இவ்வளவு கருவிகள் கண்டுபிடித்த நாம், தூக்கி மேடையில் போட்டதும் இருமிக்கொண்டு கிட என்று விட்டுவிட்டுப் போகிறோம் என்ற பொருளில் அதில் ஓர் உவமை வருகிறது. இலக்கியவாதி இல்லை, மருத்துவர். ஆனால் நான் வாசித்தவற்றில் அந்த இடத்தை முதலில் சரியாகக் கைகாட்டியது அவர்தான்.

கனடாவின் சமூகவியலாளர் ஆர்தர் ஃபிராங்க், அவரும் புற்றுநோயைத் தாண்டியவர், 1995இல் எழுதிய 'தி வூண்டெட் ஸ்டோரிடெல்லர்' நூலில் நோய்க்கதைகளை மூன்றாகப் பிரிக்கிறார். நலமாக இருந்தேன், நோய் வந்தது, மறுபடி நலமாவேன் என்ற மீட்புக் கதை. முன்பின் இல்லாமல் எல்லாம் இடிந்து விழும் குழப்பக் கதை. நோய் எனக்கு ஒன்றைக் காட்டியது என்று கிளம்பிப் போகும் தேடல் கதை. என் மலர்க் கட்டுரை அப்பட்டமான மீட்புக் கதை, சந்தேகமே இல்லை. ஆனால் அசதியை இந்த மூன்று பெட்டியில் எதில் போடுவது? அதில் எதுவும் மீளவில்லை. எதுவும் இடியவுமில்லை. எங்கேயும் கிளம்பிப் போக முடியவில்லை. செவ்வாய்க்கிழமை போலவே புதன்கிழமை இருந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியர் என்ன செய்ய முடியும்?

*

சுலைக்கா ஜவாத் என்ன செய்தார் என்று பார்க்கலாம். 22 வயதில் ரத்தப்புற்று, தம்பியின் எலும்பு மஜ்ஜை, மூன்று வருடத்துக்கு மேல் சிகிச்சை. அவரது 'பிட்வீன் டூ கிங்டம்ஸ்' (2021) எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம், அது பாதியிலேயே குணமாகிவிடுவதுதான். மிச்சப் பாதி முழுக்க அதற்குப் பிறகு நடப்பது. தலைப்பு சூசன் சொன்டாக்கிடமிருந்து வந்தது. நலமானவர்களின் ராஜ்ஜியம், நோயாளிகளின் ராஜ்ஜியம் என்று சொன்டாக் பிரித்தாரே, அந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவரின் கதை.

இந்த நூலின் மிகச் சிறந்த பகுதி நடுவில் இருக்கிறது. சிகிச்சை முடிந்து, காதலும் முறிந்து, நியூயார்க்கில் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிற காலம். உடம்பில் நோயில்லை, உடம்பும் இல்லை என்கிற மாதிரியான நிலை. அந்தப் பக்கங்களை நான் காரில் வைத்துத்தான் வாசித்தேன். ஒரு பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டதும் உண்டு. சரி, இதோ எழுதப்போகிறார் என்று நினைத்தேன்.

ஆனால் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஆஸ்கர் என்ற நாயையும் ஏற்றிக்கொண்டு, தனக்குக் கடிதம் எழுதிய முகமறியா மனிதர்களைப் பார்க்க அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பிவிடுகிறார். 100 நாள், 15,000 மைல். பொறியாளர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24,000 கிலோமீட்டர், சராசரியாக ஒரு நாளைக்கு 240. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போய்ச் சேர்ந்து, இன்னும் கொஞ்ச தூரம். தினமும். எனக்கு அந்த வருடம் கிள்ளானிலிருந்து ஷா ஆலமுக்கு வேலைக்கு ஓட்டிப் போவதே பெரும்பாடு. ஒருமுறை டோல் சாவடியில் வரிசை நகர்ந்தது தெரியாமல் நின்றுவிட்டேன், பின்னாலிருந்த லோரிக்காரர் ஹார்ன் அடித்தே எழுப்பினார்.

பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்கலாம். கொஞ்சம் பொறாமைதான். ஆனால் விமர்சனமாகவும் ஒன்று சொல்ல இருக்கிறது. அவர் அசதியை மறைக்கவில்லை, வழியெல்லாம் அது வருகிறது. ஆனால் சாலை கிடைத்ததும் அது பின்சீட்டுக்குப் போய்விடுகிறது. ஊர்கள் மாறுகின்றன, மனிதர்கள் வருகிறார்கள், ஒவ்வொருவரிடமும் ஒரு துயரம், ஒரு வாசகம். டெக்சஸ் சிறையில் மரண தண்டனைக் கைதி ஒருவரைச் சந்திக்கும் அத்தியாயம் மறக்க முடியாதது. ஆனால் அங்கே நம்மைப் பக்கம் திருப்ப வைப்பது பயணம். ஃபிராங்க் சொன்ன தேடல் கதைக்குள் நூல் பத்திரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. எங்கும் போகாத, போக முடியாத அந்த நடுப்பகுதியிலேயே இன்னும் நூறு பக்கம் இருந்திருந்தால் யார் வாசித்திருப்பார்கள் என்றும் கேட்கலாம். நான் வாசித்திருப்பேன்.

நூல் வெளியான அதே ஆண்டில் அவருக்கு நோய் திரும்பியது. அது தெரிந்த பிறகு மேலே எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். நூலைப் பற்றிய கருத்து மாறவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

*

1926இல் வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய 'ஆன் பீயிங் இல்' கட்டுரையில் ஒரு புகார் இருக்கிறது. காதலுக்கும் போருக்கும் பொறாமைக்கும் கிடைத்த இடம் நோய்க்கு ஏன் இலக்கியத்தில் கிடைக்கவில்லை? அதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று மொழி. ஹாம்லெட்டின் மனதை எழுத முடிந்த ஆங்கிலத்துக்கு ஒரு தலைவலியை எழுதச் சொற்கள் போதவில்லை என்கிறார்.

தமிழுக்கு அந்தப் பஞ்சமில்லை. அசதி, அலுப்பு, அயர்ச்சி, களைப்பு, சோர்வு, தளர்ச்சி, ஓய்ச்சல், இளைப்பு. எண்ணிக்கொண்டே போகலாம். ஆனால் இந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் வினைகளைக் கவனித்துப் பாருங்கள். களைப்பு தீரும். அலுப்பு போகும். இளைப்பு ஆறும். இளைப்பாறுதல் என்று அதையே ஒரு சொல்லாக்கியும் வைத்திருக்கிறோம். உழைத்தால் வரும், உட்கார்ந்தால் போகும் என்ற ஒப்பந்தம் இந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. பால்மரம் வெட்டியவர்களின் மொழி இது, நாற்று நட்டவர்களின் மொழி. கீமோவுக்குப் பிறகு வருவது அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படாது. செய்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படுத்தால் தீராது. என் மருத்துவர் இதை ஒளிக்காமல் சொன்னார்: மாதக்கணக்கில் இருக்கலாம், சிலருக்கு வருடக்கணக்கில். ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஹீமோகுளோபின் சரி, தைராய்டு சரி. தூக்கத்தைக் கேட்டார், மனதைக் கேட்டார். பிறகு நடக்கச் சொன்னார். "பெனாட் ஆ இருக்கு டாக்டர்" என்கிறேன், நடங்கள் என்கிறார். முதல் வாரம் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம். அடுத்து ஏரிக்கரைப் பூங்காவில் பாதிச் சுற்று. படுத்ததில் போகாதது நடந்ததில் கொஞ்சம் போனது. எந்தத் தமிழ்ச் சொல்லும் எனக்கு அப்படிச் சொல்லித்தந்ததில்லை.

பேச்சில் ஒரு சொல் மட்டும் சரியாகப் பொருந்தியது. முடியல. 'உடம்புக்கு முடியல' என்று பாட்டி சொல்லும்போது அது நோய். 'என்னால முடியல' என்றால் இயலாமை. எழுத்தில் பார்த்தால் 'இன்னும் முடியவில்லை', தீர்ந்துபோகவில்லை. "கீமோதான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்னா படுத்துக் கெடக்கற?" என்று பெரியம்மா கேட்டபோது "முடியல பெரிம்மா" என்றேன். மூன்று அர்த்தத்திலும் அது சரி. அவர் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, "எல்லாம் மனசுதான் லா" என்றார்.

பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் 2,000 வருடம் நிற்கிறது. திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் நோயாளியைக் கண்ணியமாக நடத்துகிறது. அதன் கடைசிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று நாலு பேரையும் மருத்துவத்துக்குள் சேர்க்கிறது. நோயாளியே மருத்துவத்தின் ஒரு பகுதி என்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அந்த அதிகாரத்திலிருந்து வெளியே வந்துவிட்டால்? மருந்து முடிந்தது, மருத்துவர் அடுத்த மூன்று மாதத்துக்கு வரவேண்டாம் என்கிறார், பார்த்துக்கொண்டவர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அப்போது நாம் போய் விழுவது 'மடியின்மை' அதிகாரத்தில். 605ஆம் குறள், காரியத்தைத் தள்ளிப்போடுவது, மறதி, சோம்பல், தூக்கம் ஆகிய நான்கும் கெட்டழியப் போகிறவர்கள் ஆசையோடு ஏறும் தோணி என்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் இந்த அதிகாரத்தை ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். கீமோ முடிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அல்லது அசதியைப் பற்றி மருத்துவமனை கொடுக்கும் துண்டறிக்கையைப் பாருங்கள். தள்ளிப்போடுவது, மறதி, எதிலும் இறங்காமை, பகல் தூக்கம். அதே நான்கு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. உள்ளிருந்து பார்த்த எனக்கே பல நாள் தெரியவில்லை. நான் உண்மையிலேயே சோம்பேறியாகிவிட்டேனோ என்ற சந்தேகம்தான் அந்த வருடத்தில் என்னை அதிகம் தின்றது, நோய் திரும்புமோ என்ற பயத்தைவிட.

*

நம் நாட்டு எழுத்தில் களைப்பு இல்லாமலில்லை. தோட்டத்தையும் சயாம் ரயில் பாதையையும் எழுதிய நாவல்கள், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' போன்றவை, உடம்பு எவ்வளவு தூரம் வதைபடும் என்பதை எழுதியவைதான். என் பாட்டியும் விடியுமுன்னே எழுந்து பெரட்டுக்கு ஓடியவர். ஆனால் அந்தக் களைப்புக்கு ஒரு முகவரி உண்டு. மேலே மண்டோர் இருப்பார், துப்பாக்கியோடு ஜப்பான்காரன் இருப்பான். வாசகர் யார்மீது கோபப்படலாம் என்று தெரியும். நான் யார்மேல் கோபப்படுவது? என்னை இப்படி ஆக்கியது, ஒருவேளை, என்னைக் காப்பாற்றிய அதே சிவப்பு மருந்து. அதற்கு நன்றி சொல்லவேண்டிய இடத்தில் இருக்கிறேன். நன்றிக்கும் புகாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இந்த அசதிக்கு நம் புனைவில் இன்னும் ஆள் வரவில்லை என்று நினைக்கிறேன். நான் வாசிக்காததும் இருக்கலாம். தெரிந்தவர்கள் சொன்னால் நன்றி.

கோபத்துக்கு முகவரி கண்டுபிடித்தவர் ஆன் பாயர். அமெரிக்கக் கவிஞர், ஒற்றைத் தாய், 41 வயதில் மார்பகப் புற்று. அவரது 'தி அன்டையிங்' 2019இல் வந்து, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. இவர் மணியடிக்கவில்லை, ரோஜா நிற ரிப்பனைக் கட்டவுமில்லை, பயணமும் போகவில்லை. அவருக்கு விடுப்பு இல்லை. இரு மார்பகங்களையும் நீக்கிய அறுவை சிகிச்சை முடிந்த சில நாளிலேயே வகுப்பெடுக்கப் போக வேண்டியிருந்தது. களைத்த உடம்பு என்பது மருத்துவச் செய்தி மட்டுமல்ல, வாடகை, சம்பளம், விடுப்பு நாள் எல்லாம் சேர்ந்தது என்று அவர் காட்டுகிறார். இங்கே என் நிலைமை எவ்வளவோ மேல். நம் வேலைச் சட்டப்படி வருடத்துக்குச் சேவைக்காலத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள் எம்.சி., மருத்துவமனையில் படுத்தால் 60 நாள். ஆனால் எம்.சி. கேட்க ஒரு காரணம் வேண்டும். பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்த பிறகு எதை எழுதிக் கேட்பது? அதனால்தான் கார் சீட்.

பாயரின் வடிவம் எனக்குப் பெரிய உதவி. துண்டு துண்டான பத்திகள். நடுவே, நோய் தீர வேண்டி மருத்துவக் கடவுளின் கோயிலில் படுத்துக் கனவு கண்ட ஏலியஸ் அரிஸ்டைடிஸ் என்ற பழங்காலக் கிரேக்கப் பேச்சாளர் வந்து போகிறார். ஒரு பத்தியை வாசித்துவிட்டுத் தூங்கலாம், எழுந்து அடுத்ததை எடுக்கலாம். எதுவும் அறுந்துபோகாது. படுத்திருப்பவர் வாசிக்கும் விதம் வேறு, நீண்ட உரைநடையைத் தாங்காது என்று வுல்ஃபும் சொல்லியிருக்கிறார். களைத்தவருக்கு ஏற்ற வடிவத்தைப் பாயர் தெரிந்தே செய்தாரா தெரியாது, எனக்கு அது அப்படி வேலை செய்தது.

அவரிடமும் ஒரு சங்கடம் உண்டு. வாக்கியங்கள் மின்னுகின்றன. ஒவ்வொன்றும் கூர் தீட்டியது. அசதியைப் பற்றி இவ்வளவு சுறுசுறுப்பாக ஒருவர் எழுத முடியும்போது, அந்த அசதியை நான் முழுசாக நம்புவதா என்று சில இடங்களில் தோன்றியது. பிறகு நினைத்துக்கொள்வேன், இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் எத்தனை நாள் படுத்துக் கிடந்தாரோ என்று. அந்த நாட்கள் நூலில் வராது. எழுதப்பட்டதெல்லாம் தெம்பான நேரத்தில் எழுதப்பட்டதுதான். இந்த விஷயத்தின் அடிப்படைச் சிக்கலே இதுதான் போலிருக்கிறது.

*

எனக்கும் ஒரு கூர் தீட்டிய வாக்கியத்தின்மேல் ஆசை வந்தது. நான் வேலை செய்யும் இடத்தில் வாகனங்களின் ஸ்பிரிங்குகளைச் சோதிக்கும் மெஷின் இருக்கிறது. உடைக்கப் போதாத சிறிய பளுவைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்கும், லட்சக்கணக்கான தடவை. ஒரு கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளர்ந்து ஸ்பிரிங் முறியும். இதற்கு எங்கள் துறையில் பெயர் 'ஃபெட்டிக்'. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியாளர் வோலர் ரயில் அச்சுகளில் இதை ஆராய்ந்தார். எனக்கு வந்ததற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அந்த மெஷினின் டக்டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, 'நான் ஒரு ஸ்பிரிங்' என்று ஒரு கட்டுரை மனசுக்குள் எழுதிவிட்டேன். பிரமாதமாக இருந்தது.

சொன்டாக் அதைக் கெடுத்தார். 'இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்' (1978) நூலில் அவர் நோயை உவமையாக்குவதையும் போர் மொழியில் பேசுவதையும் விடாமல் விரட்டுகிறார். தானே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், நூலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கறார்த்தனம் எனக்குச் சற்று அதிகம்தான், உவமையே இல்லாமல் வலியைச் சொல்ல நம்மால் ஆகாது. ஆனால் என் ஸ்பிரிங்கை அவர் கண்ணால் பார்த்தபோது பொய் பளிச்சென்று தெரிந்தது. உலோகத்தில் விரிசல் வளரும், சுருங்காது. முறிந்ததை எடுத்துக் கழிவுத் தொட்டியில் போடுவோம். என் விஷயம் அப்படியில்லை. பதினாலாவது மாதத்தில் ஒரு நாள், மதியம் ஒன்றரை மணிக்கு கேண்டீனில் உட்கார்ந்து மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான், இன்றைக்குக் காருக்குப் போகவில்லை என்பது உறைத்தது. மறுநாள் போனேன். அடுத்த வாரம் இரண்டு நாள் போகவில்லை. மணியெல்லாம் அடிக்கவில்லை, அடிக்கும்படியான நாள் எது என்று காட்டவும் முடியாது. இப்போதும் மாதத்தில் சில நாள் சீட்டைச் சாய்க்கிறேன்.

பெரியம்மா வீட்டு ஹாலில் 'நான் வென்றேன்' இன்னும் தொங்குகிறது. கழற்றச் சொன்னால் வருத்தப்படுவார்.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் போன மாதம் திரும்ப எழுதினேன். அவளுக்குக் கீமோ முடிந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. கார் பார்க்கிங், 40 நிமிட அலாரம், டோல் சாவடி, மறந்துபோன சொற்கள், பத்து நிமிட நடை, பெரியம்மா சொன்னது, குறள், எல்லாவற்றையும் எழுதினேன். எழுத மூன்று ராத்திரி ஆனது. ஆறு வாரம் என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அனுப்பிய பிறகுதான் எவ்வளவு நீளம் என்று பார்த்தேன், திரையில் விரலை வைத்துத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "பாதி படிச்சிட்டேன்க்கா. மீதிய நாளைக்குப் படிக்கறேன்."